என் தம்பிக்கு என் கிட்னி

பிராங்க்ஸ்,
ஜனவரி 9, 2018

யெஷி,

உன் நம்பரை நான் பிளாக் பண்ணி வெச்சிருக்கேன், அதான் லெட்டர். கிறிஸ்துமஸ் அன்னைக்கு உன் சமையல்கட்டுல நீ பேசின பேச்சுக்கு அப்புறம் உன் குரலைக் கேட்டாலே எனக்கு ரோட்டுல கவனம் நிக்காது. நான் பஸ் ஓட்டுறவ. கவனம் சிதறக் கூடாது.

என் தம்பி கோஜோவுக்குக் கிட்னி கொடுக்கப் போறது நான்தான்னு ஆஸ்பத்திரியில முடிவு பண்ணிட்டாங்க. ரத்தமும் பொருந்துது, மத்ததும் பொருந்துது. ஏப்ரல்ல ஆபரேஷன். உன்னை வேண்டாம்னுட்டாங்க. நான் யாருக்கும் போன் போட்டு அப்படிச் சொல்ல வைக்கலை, அவங்களா பார்த்துச் சொன்னது. ஒருத்தி தன் கிட்னியைக் கழட்டித் தம்பிக்குக் கொடுக்குறான்னா, அவன் பொண்டாட்டி என்ன சொல்லணும்? நல்லா இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நீ என்னடான்னா கோஜோகிட்டச் சொல்லி அனுப்புறே: அக்காவுக்கு இன்னும் ஒரு டெஸ்ட் எடுக்கணும், மரபணு டெஸ்ட், அது வர்ற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்னு.

உனக்குப் பொறாமை. வேற ஒண்ணும் இல்லை.

எங்க ஊர் குமாசி வழக்கம் இத்தனை வருஷத்துல உனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு ரத்தம் அம்மா வழி. நானும் கோஜோவும் ஒரே வயித்துல இருந்து வந்தவங்க, ஒரே வீடு. புருஷன் பொண்டாட்டி எத்தனை காலம் ஒண்ணா இருந்தாலும் வேற வேற வீடுதான். உன் பிள்ளைங்களே உன் வீட்டுப் பிள்ளைங்க, எங்க கணக்குல வராதுங்க. கோஜோவுக்கு அப்புறம் அவன் பேரைச் சொல்லப் போறது நான் பெத்ததுங்கதான். உன்னைக் குத்தணும்னு சொல்லலை, இருக்கிறதைச் சொல்றேன். இப்ப நீயே சொல்லு, அவன் உடம்புக்குள்ள போற கிட்னி யாருதா இருக்கணும்?

அப்புறம், நான் அனுப்பின ரெண்டு பாட்டில் ஷிட்டோவைக் குப்பையில கொட்டிட்டியாம். கருவாடும் மிளகாயும் நானே வறுத்து அரைச்சு எண்ணெயில வதக்கினது. உப்பு ஜாஸ்தின்னியாம். உங்க ஊர்ப் புளிச்ச இஞ்சிரா தோசையையே போட்டுப் போட்டு என் தம்பியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவ, என் சமையலுக்குக் குத்தம் சொல்றா.

செர்வா

*

சில்வர் ஸ்பிரிங்,
ஜனவரி 20

செர்வா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றீர்கள். சரிதான். நன்றி.

ஷிட்டோவைக் குப்பையில் கொட்டவில்லை. பக்கத்து வீட்டு ஹெய்ட்டிக்காரருக்குக் கொடுத்தேன், ருசித்துச் சாப்பிட்டார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வருகிற மனிதருக்கு ஒரு கரண்டி உப்பு என்ன செய்யும் என்று இங்கே வந்து ஒரு வாரம் இருந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

என்னை ஏன் வேண்டாம் என்றார்கள் தெரியுமா? அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. வயது, ரத்த அழுத்தம், இனம். என் வயது சரி. அழுத்தம் எல்லையில் நிற்கிறது. இனம் என்ற இடத்தில் 'கறுப்பு' என்று தட்டியதும் கணக்கு மேலே ஏறிவிட்டது. பிற்காலத்தில் எனக்கே சிறுநீரகம் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் நாள் முழுக்கப் படிவங்களில் இதே 'இனம்' என்ற கட்டத்தைத்தான் நிரப்புகிறேன். எத்தியோப்பியாவில் கோண்டாரில் பிறந்த நான், மேற்கு ஆப்பிரிக்காவில் குமாசியில் பிறந்த நீங்கள், அந்த ஹெய்ட்டிக்காரர், நாலு தலைமுறையாக ஜார்ஜியாவில் இருக்கும் எதிர்வீட்டு அம்மா, மீன்கடை சோமாலிக்காரர், எல்லோரும் ஒரே கட்டத்தில். எல்லோரையும் கூட்டி வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண் நம்மில் ஒருவருக்கும் பொருந்தாது.

சிறுநீரகத்தைக் கெடுக்கிற ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், உங்கள் பக்கத்தில், அது நிறையப் பேருக்கு உண்டு. எத்தியோப்பியாவில் அரிது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் வந்து சேர்ந்தால்தான் ஆபத்து. கோஜோவுக்கு இரண்டும் இருக்கிறது. அதே அம்மா அப்பாவுக்குப் பிறந்த உங்களுக்கு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டும் இருக்கிற எல்லோருக்கும் கெட்டுப்போகும் என்றில்லை. ஆனால் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எவ்வளவு நாள் தாங்கும்?

அதற்காகத்தான் கேட்டேன். பொறாமையால் அல்ல.

யெஷி

*

பிராங்க்ஸ்,
ஜனவரி 31

யெஷி,

நீ எப்ப டாக்டரானே? ஆபீஸ்ல உட்கார்ந்து நம்பர் தட்டுறவ, என் கிட்னி எவ்வளவு நாள் தாங்கும்னு ஜோசியம் சொல்றே.

எங்க பக்கம் நிறையவாம், உங்க பக்கம் அரிதாம். உங்க ஆளுங்க எப்பவும் இப்படித்தான். நாங்க வேற, நாங்க தனி, எங்க மூக்கு வேற, எங்க காபி வேற. போலீஸ்காரன் காரை ஓரங்கட்டச் சொல்றப்போ, அம்மா நீங்க கோண்டாரா குமாசியான்னு கேக்குறானா? கேட்டா சொல்லு, நானும் அன்னைக்கு ஒத்துக்குறேன்.

டாக்டர் என்கிட்ட நேராவே கேட்டாரு, உங்க குடும்பத்துல யாருக்காவது கிட்னி கோளாறு உண்டான்னு. சத்தியமா இல்லைன்னேன். எங்கம்மா எண்பது தாண்டி இன்னும் மார்க்கெட்டுக்கு நடந்து போறா. ரெண்டு மாமாவும் கல்லு மாதிரி இருக்காங்க. பெரியம்மா மூணாவது புருஷனையும் அனுப்பிட்டு ஜம்முனு இருக்கா. எங்க வீட்டு ரத்தம் அப்படி. கோஜோ ஒருத்தனுக்குத்தான் இந்த வினை வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு நான் சொன்னா உனக்குக் கோபம் வரும், அதனால சொல்லலை.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீ என்ன சொன்னே? 'அவர் என் புருஷன், உங்க தம்பி தம்பின்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க'ன்னே. கையில கரண்டியோட சொன்னே. நான் அவனை முதுகுல கட்டிச் சுமந்தப்போ நீ பொறக்கவே இல்லை. இப்ப அவன் உடம்புக்குள்ளயே நான் போய் உட்கார்ந்துக்கப் போறேன்னதும் உனக்குத் தாங்கலை. டெஸ்ட்டாம், மரபணுவாம். போடி.

செர்வா

*

சில்வர் ஸ்பிரிங்,
பிப்ரவரி 10

அக்கா,

போலீஸ்காரர் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னது உண்மை, என் தம்பி ஒருவனும் அதை அனுபவித்தவன். ஆனால் போலீஸ்காரர் பார்க்கிற மாதிரியே டாக்டரும் நம்மைப் பார்த்தால் நாம் எங்கே போவது?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மா, மாமா, பெரியம்மா எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் அப்பா எங்கே?

கோஜோ எனக்குச் சொல்லியிருக்கிறார். கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கால் வீங்கிப்போய், செருப்பு வாரை அறுத்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வாராம். ஒபுவாசி ஊரில் இருந்த அவருடைய தம்பியும் அப்படியேதான் போனாராம்; சிறுநீரகம் கெட்டால் கால் அப்படித்தான் வீங்கும். அவர்களை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். உங்கள் வழக்கத்தில் அப்பா வேறு வீட்டு ஆள். நீங்கள் உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். பொய் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அம்மா வழியில் வீட்டை எண்ணுகிற ஊரிலிருந்து வந்தவர் என்று அந்த டாக்டருக்குத் தெரியாது. அவருக்கு நீங்கள் 'கறுப்பு', அத்தோடு முடிந்தது. தெரிந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார்.

போன கடிதத்தில் பொறாமை இல்லை என்று எழுதினேன். அது பொய். எனக்குப் பொறாமைதான். உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கோஜோ வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். நான் கொடுக்கிறேன் என்று சொன்ன அன்று அந்த வெளிச்சம் இல்லை, பயம்தான் இருந்தது. உங்கள் வீட்டில் நான் என்றைக்கும் விருந்தாளி. என் பிள்ளைகளும் விருந்தாளிகள். நான் கொடுத்தால் அதன் பிறகு யாரும் என்னை வேறு வீட்டு ஆள் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். இவ்வளவும் உண்மை. உங்களுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

யெஷி

*

பிராங்க்ஸ்,
பிப்ரவரி 24

யெஷி,

எங்கப்பாவைப் பத்தி நீ பேசாதே.

அந்தச் செருப்பு வாரை அறுத்துக் கொடுத்தது நான்தான். கோஜோ அப்ப ஹாஸ்டல்ல இருந்தான், அவனுக்குக் கேள்விதான். நான் கண்ணால பார்த்தவ. சாயங்காலம் அவர் காலை அமுக்கினா விரல் பதிஞ்ச குழி அப்படியே நிக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன். ஆனா ஆஸ்பத்திரியில குடும்பம்னு கேட்டப்போ அவர் முகம் ஞாபகத்துக்கே வரலை. வராது. செத்தப்போ அவரோட வீட்டு ஜனங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க, நாங்க துக்கத்துக்கு வந்தவங்க மாதிரி ஒதுங்கி நின்னோம். எங்களுக்கு அதுதான் முறை.

கோஜோ நேத்து கூப்பிட்டான். டெஸ்ட் எடுக்காம உன் கிட்னி எனக்கு வேண்டாம், டயாலிசிஸ் நாற்காலியிலயே உட்கார்ந்திருந்துட்டுப் போறேங்கறான். உன் வார்த்தையை அப்படியே சொல்றான், கமா புள்ளி கூட மாறலை. என் தம்பியை முழுசா உன் பக்கம் சாய்ச்சுட்டே.

எடுத்துக்குறேன். ஆனா நீயும் எடுக்கணும். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்தா நீ அதுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. கறுப்பு, கட்டம், கணக்குன்னு எதுவும் என் காதுல விழக் கூடாது.

செர்வா

*

சில்வர் ஸ்பிரிங்,
மார்ச் 28

அக்கா,

எனக்கு இரண்டில் ஒன்றுகூட இல்லை. நேற்று டாக்டர் கூப்பிட்டார். இனம் என்ற இடத்தை விட்டுவிட்டு என் ரத்தத்தில் இருந்ததை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டார்களாம். என்னை எடுத்துக்கொள்கிறார்கள்.

கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், அலுவலகத்தில் எழுந்துகூட நின்றுவிட்டேன். என்னை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் உங்களை ஏன் எடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வருகிற வழியில்தான் மண்டையில் உறைத்தது.

உங்களுடைய முடிவைச் சொல்லமாட்டேன் என்கிறார்கள், அது அவர்கள் சட்டம். கோஜோவுக்குத் தெரிந்திருக்கிறது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். வெளியே வந்து வெங்காயம் நறுக்கினேன் என்றார். குளியலறையில் யார் வெங்காயம் நறுக்குவார்கள்?

அக்கா, உங்களுக்கு என்ன வந்தது? என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

யெஷி

*

பிராங்க்ஸ்,
ஏப்ரல் 11

யெஷி,

ரெண்டும் இருக்கு.

சிறுநீர்ல புரதம் வேற கசியுதாம். முதல்லயே கொஞ்சம் கசிஞ்சிருக்கு, ஒரு தரம்தானேன்னு விட்டுட்டாங்களாம். இப்ப திரும்பத் திரும்பப் பார்த்துட்டாங்க. ஒண்ணைக் கொடுத்திருந்தா சீக்கிரமே நீங்களும் உங்க தம்பி உட்கார்ந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திரை கொடுத்திருக்காங்க. உப்பைக் குறைக்கணுமாம். ஷிட்டோ எனக்கும் கிடையாது. சந்தோஷமா?

நீ சொல்லலைன்னா நான் கொடுத்திருப்பேன். ஏப்ரல்ல படுத்திருப்பேன். அதுக்கு உனக்கு நன்றி எழுதணும்னு மூணு நாளா உட்கார்ந்திருக்கேன், வரமாட்டேங்குது. உசிரைக் காப்பாத்தினவமேல இப்படி எரியுமான்னு எனக்கே அதிசயமா இருக்கு. வேற எவளாவது கொடுத்தா காலைக் கழுவித் தண்ணி குடிப்பேன். நீ கொடுக்கறேங்கறதுதான் தாங்கலை. எங்க வீடு, எங்க ரத்தம்னு அவ்வளவு பேசினேனே, அந்த ரத்தம்தான் எனக்கு ஆகாதுன்னு வந்து நிக்குது. பூமியில அந்த மூலையில பொறந்த உன்னுது ஆகுதாம்.

அப்பா வீட்டு ஜனங்களுக்கு போன் பண்ணினேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பார்த்த முகங்க. ஒபுவாசி சித்தப்பா மகன் ஒருத்தன், லண்டன்ல இருக்கான், எனக்கும் கால் வீங்குதுக்கா, நின்னு வேலை பார்க்கறதாலன்னு நினைச்சேன்னான். போய் உடனே காட்டுடான்னு கத்தினேன். என் பிள்ளைங்களுக்கும் பார்க்கணும். என்கிட்ட இருந்து ஒண்ணு கட்டாயம் போயிருக்கும், அவங்கப்பன் என்ன கொடுத்தான்னு தெரியாது, பணமே ஒழுங்கா கொடுத்ததில்லை. உன் பிள்ளைங்களுக்குக் கவலை இல்லை, உன்கிட்ட இருந்து ஒண்ணும் போகாது. அதுலயும் நீயே ஜெயிச்சுட்டே.

உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லு, நம்ம ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட வேண்டாம்னு. உன்னோட ஒரே கட்டத்துல என்னால குடித்தனம் பண்ண முடியாது. இத்தனை வருஷத்துல நீயும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

அவனை நல்லாப் பார்த்துக்கோ. உன்னையும்.

செர்வா

*

பிராங்க்ஸ்,
ஜூன் 2

யெஷி,

ஆபரேஷன் முடிஞ்சு நீ கண்ணு முழிக்கறதுக்குள்ள நான் பிராங்க்ஸுக்குக் கிளம்பிட்டேன்னு உனக்கு வருத்தமாம், கோஜோ சொன்னான். டிப்போவுல லீவு தரலைன்னு அவன்கிட்டச் சொல்லியிருந்தேன். லீவு இருந்துச்சு.

அவன் கட்டில் ஓரத்துல ஒரு பை தொங்கிச்சு. அதுல மூத்திரம் இறங்கிக்கிட்டே இருக்கு. எத்தனை நாளா வராதது. உன் கிட்னி வேலை செய்யுதுன்னு நர்ஸு அதைப் பார்த்துக் கை தட்டுறா, டாக்டரம்மா சிரிக்கிறாங்க, நானும் கை தட்டினேன். கை தட்டிக்கிட்டே அந்தப் பையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மூத்திரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொம்பளை உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அப்புறம் கண்ணைத் திறந்தான். முன்னாடி நிக்கறது நான். கையைப் பிடிச்சிருக்கறது நான். 'யெஷி எப்படி இருக்கா?'ன்னான். எங்க ட்வி பாஷையில கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும், இங்கிலீஷ்ல கேட்டான். நல்லா இருக்காடான்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன். அதுக்கு மேல நிக்க முடியலை.

ஆபரேஷன் நடக்கறப்போ வெயிட்டிங் ஹால்ல உன் தங்கச்சி வுபித் இருந்தா. உனக்காக சியாட்டில்ல இருந்து வந்தவ, நாள் பூரா என் பக்கத்துலயே உட்கார்ந்துட்டா. என் காலைப் பார்த்துட்டு, வீங்கியிருக்கே அக்கான்னு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் காலைத் தூக்கி வெச்சா. என் கிட்னி கதை பூரா அவகிட்ட கொட்டிட்டேன், ஏன்னு தெரியலை. நான் அழுதப்போ அவளும் அழுதா. நல்ல பொண்ணு. உன்னை மாதிரி இல்லை.

உன் நம்பரை இன்னும் திறக்கலை. திறப்பேன், இப்ப இல்லை.

செர்வா

*

சில்வர் ஸ்பிரிங்,
ஜூன் 14

அக்கா,

தலையணையை முதுகுக்கு வெச்சுக்கிட்டு உட்கார முடியுது. நாகரிகமா எழுத உடம்புல தெம்பில்லை, பேசற மாதிரியே எழுதறேன்.

கோஜோ கண்ணு முழிச்சு என்னைக் கேட்டார்னு எழுதியிருந்தீங்க. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உள்ளே தள்ளிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு கட்டிலையும் பக்கத்துல பக்கத்துல விட்டிருந்தாங்க. அவருக்கு லேசா மருந்து ஏத்தியிருந்தாங்க. உங்க பாஷையில என்னமோ பேசிக்கிட்டே இருந்தார். எனக்குப் புரிஞ்சது உங்க பேர் மட்டும்தான், திரும்பத் திரும்ப. என் பேர் ஒரு தரம்கூட வரலை. கொடுக்கப் போறவ நான் பக்கத்துல படுத்திருக்கேன். இறங்கி வீட்டுக்குப் போயிடலாமான்னு இருந்துச்சு.

ஆபீஸ்ல ஒரே ஒரு கிளினிக்ல மட்டும், அப்பா அம்மா எந்த நாடுன்னு கேட்டுப் பார்க்கலாம்னு சம்மதிச்சிருக்காங்க. இதுக்கே அத்தனை மீட்டிங். அப்பாவைத் தனியாவும் அம்மாவைத் தனியாவும் கேக்கணும்னு நான்தான் அடம் பிடிச்சேன். ஏன்னு கேட்டாங்க, எங்க நாத்தனார் ஒருத்தர் இருக்காங்கன்னு ஆரம்பிச்சேன்.

நேத்து வுபித் கூப்பிட்டா. எடுத்ததும் என்ன கேட்டா தெரியுமா? 'செர்வா அக்காவுக்கு ரத்தம் என்ன குரூப்?' எதுக்குடின்னேன். இப்பவே இல்லை, மாத்திரையிலயே பல வருஷம் ஓடலாம், ஆனா பின்னாடி எப்பவாவது தேவைப்பட்டா அவங்க கிட்னிக்கு வரிசையில போய் நிக்க வேண்டாம், நான் கொடுத்துடறேங்கறா. யாரும் சொல்லாம அவளே போய் டெஸ்ட்டும் எடுத்துட்டா. என்னை மாதிரிதான், ரெண்டும் இல்லை. உங்களுக்குக் காபி பிடிக்குமா, உங்க பஸ் எந்த ரூட்டு, நீங்க அழுதா மூக்கு எப்படி விடைக்கும்னு ஒரு மணி நேரம் உங்க கதைதான். வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன் நான். வலிக்குதான்னு என்கிட்ட கேட்டது கடைசியில, போனை வைக்கறப்போ.

எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி அக்கா. இப்பதான் தெரியுது, நீங்க எதை மனசுல வெச்சுக்கிட்டு எங்கூட இவ்வளவு நாள் சண்டை போட்டீங்கன்னு. ராத்திரி பூரா தூக்கம் வரலை, அப்படி எரிஞ்சுது.

இருந்தாலும் உங்க நம்பரை அவகிட்ட கொடுத்துட்டேன். என் நம்பரை நீங்க மெதுவாத் திறங்க, அவசரமில்லை. ஞாயித்துக்கிழமை அவ கூப்பிடுவா, எடுத்துப் பேசுங்க.

யெஷி